அடுப்படிக்கு ஒரு இரும்புத் தகடு

என் வலது முழங்கால் மடங்காமல் போனதற்கு முருகன்மேல் பழி போட்டவர்கள் உண்டு. நான் போடமாட்டேன். எங்கள் ஊர் முருகன் கோயில் மலைப்படியில் வழுக்கி விழுந்தது என் அவசரம். புத்தூர் எலும்பு வைத்தியரிடம் கொண்டுபோய்க் கட்டு கட்டினார்கள். நாற்பத்தைந்து நாள் தொடாதே என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்கள். நான் இருபதாம் நாளே அரிப்புத் தாங்கவில்லை என்று கத்தரியை எடுத்துக் கட்டை நறுக்கிப் போட்டேன். எலும்பு கூடிவிட்டது. கால் மட்டும் கழி மாதிரி விறைத்து நின்றுவிட்டது. நடக்கலாம், நிற்கலாம், நாற்காலியில் காலை நீட்டி உட்காரலாம். தரையில் மட்டும் உட்கார முடியாது. குனிந்தால் இடுப்பில் சுளீர் என்று பிடிக்கும்.

இது என்ன பெரிய குறையா என்று இப்போது கேட்பார்கள். உலகச் சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆன காலம் அது. அப்போது ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பு முழுக்கத் தரையில்தான். அடுப்பு தரையில், அம்மி தரையில், அரிவாள்மணை தரையில். தரையில் உட்காராதவளுக்குச் சமையல் கிடையாது. சமையல் இல்லாதவள் வீட்டில் யார்? எனக்கு அந்தக் கேள்விதான் ராப்பகலாகக் குடைந்துகொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர். காலை ரயிலுக்குப் போனால் சாயங்கால ரயிலுக்கு வருவார். ஒரே பெண் எங்களுக்கு, ஐந்து வயசு. நான் விழுந்த வாரமே அவருடைய அக்கா பள்ளிப்பட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயசு பெரியவர். புருஷன் போய்ப் பல வருஷம், பிள்ளை குட்டி இல்லை. "ஒரு மாசம் இருந்து பாத்துட்டுப் போறேன்" என்றுதான் வந்தார். ஒன்பது மாசம் ஆகிவிட்டது.

குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அப்படிப் பார்த்துக்கொண்டார். என்னைக் குளிக்க வைத்தது, காலுக்கு எண்ணெய் போட்டு நீவியது, பெண்ணுக்குத் தலை பின்னியது எல்லாம் அவர்தான். சமையலும் என்னைவிட நன்றாகவே செய்வார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவர் வைத்த கத்திரிக்காய்க் குழம்பை என் வீட்டுக்காரர் இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டு அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு, நானே விருந்தாளி மாதிரி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உப்பு எங்கே இருக்கிறது என்றுகூட என்னை யாரும் கேட்கவில்லை. அண்ணி ஜாடிகளையெல்லாம் தன் கைவாகுக்கு மாற்றி வைத்துவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் என் பெண் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தாள். "வாடி கண்ணு, அம்மா ஊட்டறேன்" என்று கூப்பிட்டேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அத்த ஊட்டட்டும்" என்றாள். தரையில் அண்ணி மடியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள். நாற்காலியில் இருக்கிற எனக்கு மடியே கிடையாது பாருங்கள், ஒரு பக்கக் கால் நீட்டிக்கொண்டு நின்றால் குழந்தை எங்கே உட்காரும்? அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாக அழுது ஊரைக் கூட்டிவிட்டேன்.

அவர் அதிகம் பேசமாட்டார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அடுப்படிக்குள் போய்ச் சுவரைச் சாண் போட்டுப் பார்த்தார். அப்புறம், "எங்க ஜங்ஷன்ல டிரைவருங்க தங்கற ரூம் கீது. அங்க சமையல்காரன் நின்னுகினுதான் சமைக்கறான். இடுப்பளவு மேடை, அது மேல அடுப்பு. உனுக்கு அப்பிடி ஒண்ணு கட்டிடறேன். அழாத" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அங்கேயே, அப்போதே, சணல் நூல் எடுத்துத் தரையிலிருந்து என் இடுப்புவரை அளந்து ஒரு முடிச்சுப் போட்டார். அந்த நூலை அடுப்படிச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். அம்மியையும் செங்கல் அடுக்கித் தூக்கி வைத்துவிடலாம், அரிவாள்மணைக்குப் பதிலாகக் கத்தி வாங்கிவிடலாம் என்று எல்லாம் பேசி முடித்தோம்.

அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "நின்னுகினு சமைக்கறது ஓட்டல்லதான்" என்றார் முதலில். காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு அவரே சொன்னார்: "நல்லதுதான். ஆடிக் கிருத்திகைக்கு எங்க கொழுந்தன் காவடி எடுத்துகினு வருவான். அதுக்குள்ள மேடைய முடிச்சிடு தம்பி. நான் அவங்கூடவே ஊருக்குப் போயிடறேன்."

இல்லை அண்ணி, இருங்கள் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது எனக்கு. இத்தனை வருஷம் கழித்து இதை மறைத்து என்ன ஆகப் போகிறது? அவருக்குப் பள்ளிப்பட்டில் என்ன காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். கொழுந்தன் வீட்டில் நாலு தறி. கோழி கூவுவதற்கு முன்னால் ராட்டினத்தில் உட்கார்ந்தால் இருட்டுகிறவரை நூல் சுற்றவேண்டும். ஓரகத்தி சட்டியைக் கழுவப் போடுகிற நேரத்தில் இவருக்குச் சாப்பாடு. கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் இவர் ஒரு கை, அவ்வளவுதான். தெரிந்தும் நான் சும்மா இருந்தேன்.

சரி, மேடை கட்டுவது என்று ஆயிற்று. செங்கல்லும் சுண்ணாம்பும் வந்தது. மேடைக்கு மேல் என்ன போடுவது என்பதில்தான் வீடு இரண்டு பட்டது.

கொத்தனார் சுண்ணாம்புப் பூச்சு போதும் என்றார். வெந்நீர்ப் பானை வைத்தால் ஒரே மாசத்தில் பொரிந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் அதைத் தள்ளிவிட்டார். எனக்குக் கடப்பைக் கல்தான் வேண்டும். கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்காரர் வீட்டில் பார்த்திருந்தேன், கறுப்பாக, வழவழவென்று, முகம் தெரிகிற மாதிரி. கடப்பையிலிருந்து எங்கள் ஊர் வழியாகத்தானே வண்டி வண்டியாகப் போகிறது? என் வீட்டுக்காரருக்கோ இரும்பு. இரும்பிலேயே பிறந்து இரும்பிலேயே வளர்ந்தவர் மாதிரி பேசுவார். ஷெட்டில் கழித்துப் போட்ட தகடுகளை ஏலம் விடப் போகிறார்கள், ஆறடி நீளத்தில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், ஒரு தலைமுறைக்குக் கவலையே இல்லை என்றார்.

"அடுப்படியா, ரயில் எஞ்சினா? நான் சோறாக்கணுமா, கரி அள்ளிப் போடணுமா?" என்றேன்.

"கல்லு ஒடையும்."

"இரும்பு துருப் புடிக்கும்!"

"ஒடஞ்சத ஒட்ட முடியாது. துருவத் தேய்க்கலாம்."

"ஆங், தேய்க்கறது யாரு? நீங்களா?"

இப்படி மூன்று நாள் போயிற்று. நாலாம் நாள் அவர் சாயங்கால ரயிலில் வரும்போது கையகலத்தில் ஒரு இரும்புத் துண்டும், அதே அளவில் ஒரு கடப்பைக் கல் துண்டும் கொண்டுவந்தார். இரண்டையும் அடுப்படியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "பத்து நாள் ரெண்டையும் பொழங்கிப் பாருங்க. எது நிக்குதோ அது" என்றார். ஷெட்டில் எதையும் இப்படித்தான் பரீட்சை செய்வார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தாலும் நியாயமாகத்தான் பட்டது.

முதல் மூன்று நாள் கல்தான் ஜெயித்தது. துடைத்தால் பளிச். இரும்பின் மேல் புளி கரைத்த கிண்ணத்தை வைத்தால் வட்டமாகக் கறுத்துப் போயிற்று. ஈரத்துணியைப் போட்டால் துணி செம்பட்டை. மறுநாள் காலையில் பார்த்தால் துண்டு முழுக்கத் துரு. நான் அதை எடுத்து என் வீட்டுக்காரர் சாப்பிடுகிற இடத்தில் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். "உங்க இரும்பு, நல்லா சாப்பிடுங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

நாலாம் நாள் கல்லின் மேல் எலுமிச்சம்பழம் நறுக்கினோம். சாறு பட்ட இடமெல்லாம் வெளுத்துப்போய்த் தேமல் மாதிரி நின்றுவிட்டது. எத்தனை தேய்த்தும் போகவில்லை. சுடுசோற்றுப் பானையை இறக்கி வைத்த சூட்டோடு தண்ணீர் சிந்தியது, ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல் விட்டது. நான் அதை முறத்தால் மூடி வைத்தேன். தோற்க எனக்குப் பிடிக்காது.

அப்போதுதான் கவனித்தேன், துருப்பிடித்த துண்டைக் காணவில்லை. தூக்கிப் போட்டுவிட்டார்களாக்கும் என்று நினைத்தேன். இல்லை. அண்ணி அதை எடுத்து வைத்திருந்தார். தினமும் சமையல் முடிந்ததும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, அடுப்புத் தணலின் ஓரத்தில் செருகி வைப்பார். காலையில் எடுத்துத் துணியால் துடைப்பார். மறுபடி எண்ணெய், மறுபடி தணல். புதுத் தோசைக்கல்லைப் பழக்குவோமே, அதே பக்குவம்தான். சத்தமே இல்லாமல் செய்துகொண்டிருந்தார்.

பத்தாம் நாள் அந்தத் துண்டை என் கையில் கொடுத்தார். நம்ப முடியவில்லை. துரு போன இடம் தெரியவில்லை. அட்டக் கறுப்பு, ஆனால் கல்லின் கறுப்பு மாதிரி சில்லென்று இல்லை, தொட்டால் மெத்தென்று ஒரு வழவழப்பு. தண்ணீரைத் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடிற்று. எலுமிச்சை பிழிந்தேன், துடைத்தேன், கொஞ்சம் மங்கிற்று. ஒரு சொட்டு எண்ணெய் தடவினார், பழையபடி ஆகிவிட்டது.

"நின்னுகினு சமைக்கறது ஓட்டல்லதான்னு சொன்னது நீங்க. இத எதுக்கு அண்ணி இப்பிடிப் பாத்துப் பாத்துப் பழக்கினீங்க?" என்று கேட்டேன்.

"துருப் புடிச்சத பாத்துகினு சும்மா கீற கை இல்லடி எனுக்கு" என்றார். அப்புறம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நான் போனப்புறம் உனுக்குத் தெரியணுமில்ல, எப்பிடிப் பழக்கறதுன்னு" என்றார்.

அந்த மேடை வந்தால் தனக்கு இங்கே வேலை இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அதற்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் பாருங்கள் என் குணத்தை, அன்றைக்கும் இருங்கள் என்ற ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்லுதான் அழகு என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனேன்.

இரும்பு என்று முடிவாகிவிட்டது. ஆடி பிறந்த வாரம் தகடு ரயிலில், கார்டு வருகிற பிரேக் வண்டியில் வந்து இறங்கியது. ஸ்டேஷனிலிருந்து கைவண்டியில் வைத்து இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தெருவே வெளியில் வந்து பார்த்தது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், மேலெல்லாம் பழைய பெயிண்டும் துருவும். "இன்னாம்மா, வூட்டுக்குள்ள பிளாட்பாரம் போடறீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

இனி இதை மேடைமேல் ஏற்றுவதற்கு முன்னால் பழக்கவேண்டும். சின்னத் துண்டைப் பழக்கின மாதிரியே பெரிசையும் பழக்கிவிடலாம் என்று மூன்று பேரும் சேர்ந்து தீர்மானம் செய்தோம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தோசைக்கல்தானே! ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்கட்டு முற்றத்தில் செங்கல் அடுக்கி, தகட்டை அதன்மேல் கிடத்தி, அடியில் வரட்டியைப் பரப்பித் தீ மூட்டினோம். அண்ணியும் எதிர்வீட்டுக்காரியும் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து முன்தினமே பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். குச்சியில் சுற்றிய துணியை விளக்கெண்ணெயில் முக்கி அண்ணி ஒரு முனையிலிருந்து இழுத்துக்கொண்டே போனார். புகை எழும்பி, பக்கத்து வீட்டுக் கொல்லையெல்லாம் எண்ணெய் வாடை. இரும்பு வெளுப்பிலிருந்து பழுப்பாகி, பழுப்பிலிருந்து கறுப்பாகிக்கொண்டே வந்தது. எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது.

எதிர்வீட்டுக்காரிக்குக் கை சும்மா இருக்காது. ஓடிப்போய் வீட்டிலிருந்து மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இம்மாம் பெரிய கல்லு நம்ம ஜென்மத்துல கெடைக்குமா?" என்று ஒரு கரண்டி ஊற்றினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று கூச்சல். ஆறடித் தகட்டில் பதினைந்து தோசை ஒரே நேரத்தில் வெந்துகொண்டிருந்தது. முதல் ஈடு எண்ணெய்க் கசப்பு, அதைக் காக்காய்க்குப் போட்டோம். இரண்டாவது ஈட்டை என் வீட்டுக்காரர் நின்றபடியே நாலு தின்றார். நான்கூடச் சிரித்தேன், கால் ஒடிந்ததிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் 'டங்' என்று ஒரு சத்தம். தோசையெல்லாம் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போயிற்று. தகடு நடுவில் வளைந்து, ஒரு பாதி கீழே தொய்ந்துவிட்டது. நடுவில் மட்டும் வரட்டி குவிந்து எரிந்திருக்கிறது, இரண்டு ஓரத்திலும் பாதிச் சூடுகூட இல்லை. கையகலத் தோசைக்கல்லுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆறடித் தகடு சும்மா இருக்குமா?

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "பதினேழு வருஷமா இரும்போட மாரடிக்கறேன். ஒரு எடத்துல சூடு ஏத்தினா வளையும்னு எனுக்குத் தெரியாதா? தோசக்கல்லுன்னு நெனச்சுட்டேனே, தோசக்கல்லுன்னு நெனச்சுட்டேனே" என்று அதையே சொன்னார். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. எதிர்வீட்டுக்காரி மாவுச் சட்டியை எடுத்துக்கொண்டு மெதுவாக நழுவினாள்.

மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் பின்கட்டுக்கு வந்தேன். தகட்டைத் தரையில் விட்டால் ஈரம் ஏறும் என்று அவரும் பக்கத்து வீட்டு ஆளும் இரண்டு ஓரத்திலும் செங்கல் அடுக்கி உயரத்தில் தூக்கி வைத்திருந்தார்கள். நேராக இருக்கிற பாதி உயரமாகவும், தொய்ந்த பாதி தாழ்வாகவும் நின்றது. அண்ணி நின்றுகொண்டு துணியால் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வளைந்துபோனாலும் துருப் பிடிக்க விடக்கூடாதாம். நான் உயரமான பக்கத்தில் போய் நின்று கையை ஊன்றினேன். என் இடுப்புக்குச் சரியாக இருந்தது. நிமிர்ந்து எதிரில் பார்த்தேன். தாழ்ந்த பக்கத்தில் நிற்கிற அண்ணிக்கும் அது இடுப்புக்குச் சரியாக இருந்தது.

அட கடவுளே, அண்ணி இவ்வளவு குள்ளமா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது மாசமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் எப்போதும் நாற்காலியில், அவர் எப்போதும் தரையில். அவர் என் தோளுக்குக்கூட வரமாட்டார் என்பதை நான் நின்று பார்த்ததே இல்லை. என் இடுப்பளவுக்கு மேடை கட்டினால் அவருக்கு அது நெஞ்சுக்கு வரும். அந்த மேடையில் அவர் ஒரு கீரைகூட நறுக்க முடியாது. சுவரில் தொங்குகிற நூலில் என் ஒருத்தியின் முடிச்சுதான் இருந்தது. அவரை யாரும் அளக்கவில்லை, அளக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அவரும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு என்மேல் வந்த கோபம் வேறு யார்மேலும் வந்ததில்லை.

நொண்டிக்கொண்டே உள்ளே போய் நூலை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

"இப்பிடி நேரா நில்லுங்க."

"எனுக்கு எதுக்குடி அளவு? ஊருக்குப் போறவளுக்கு ரவிக்க தெக்கப் போறியா?"

"வாய மூடிகினு நில்லுங்க அண்ணி" என்றேன். பெரியவரிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் வேறு மாதிரி பேசினால் நான் அழுதிருப்பேன். என்னால் குனிய முடியாது என்று நூலின் ஒரு முனையை என் பெண்ணைக் கூப்பிட்டு அத்தையின் பாதத்தில் பிடிக்கச் சொன்னேன். மறுமுனையை இடுப்பில் வைத்து முடிச்சுப் போட்டேன். என் முடிச்சுக்கும் அவர் முடிச்சுக்கும் ஒரு சாணுக்கு மேலேயே வித்தியாசம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் நூலை அவர் கையில் கொடுத்தேன். "இந்தத் தகட்ட நேராக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். "ஆங், ஷெட்டுக்குக் கொண்டுபோய் அடிச்சு நேராக்கிடறேன்" என்றார். "நேராக்க வேணாம். நல்லா வளைங்க. படி மாதிரி வளைங்க. ஒரு பாதி இந்த முடிச்சுக்கு, இன்னொரு பாதி அந்த முடிச்சுக்கு. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அடுப்பு" என்றேன்.

அவர் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கல்லுதான் அழகுன்ன?" என்றார்.

"கல்லு வளையாதே" என்றேன்.

அவர் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். அடுப்படியில் அண்ணி வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். கேட்காத மாதிரி இருக்கிறாராம்.

கொல்லுப்பட்டறையில் கரி போட்டு, கோடு கிழித்த இடத்தில் மட்டும் சூடு ஏற்றி, மூன்று பேர் சேர்ந்து அடித்து வளைத்தார்கள். இந்தத் தடவை கணக்காக வளைந்தது. உயரம் வேறு வேறாக மேடை கட்டச் சொன்னதும் கொத்தனார், "பாக்கறவங்க கோணல்னு சிரிப்பாங்கம்மா, எம் பேரு கெட்டுப்பூடும்" என்றார். "யாராவது கேட்டா நான்தான் கட்டச் சொன்னேன்னு சொல்லுங்க" என்றேன். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் தகட்டை ஏற்றினோம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே கறுப்பு, நடுவில் ஒரு இறக்கம். மங்கின இடங்களில் அண்ணி கடைசியாக ஒரு கை எண்ணெய் போட்டார். உயரத்துப் பக்கம் பால் காய்ச்சுவதா, தாழ்ந்த பக்கம் காய்ச்சுவதா என்று ஒரு பேச்சு வந்தது. இரண்டிலும் காய்ச்சினோம்.

ஆனால் அண்ணி பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். நான் மேடையை வளைத்தேனே தவிர, வாயைத் திறந்து ஒரு வார்த்தை இன்னும் சொல்லவில்லை. அவரும் கேட்கிற ஆள் இல்லை. மேடை தனக்கும் சேர்த்துத்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் சொல்லாத இடத்தில் அவர் எப்படி இருப்பார்? என் கௌரவம், என் மண்டைக்கனம், எல்லாம் நாக்கைக் கட்டிப் போட்டிருந்தது.

கிருத்திகை அன்று தெருவெல்லாம் காவடி. கொழுந்தன் மலையேறி, காவடி செலுத்திவிட்டு, மஞ்சள் வேட்டியோடு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். இலை போட்டோம். நான் என் பக்கத்தில் நின்று பாயசம் கிளறிக்கொண்டிருந்தேன். அண்ணி தன் பக்கத்தில் நின்று குழம்பு தாளித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மாசத்துக்கு அப்புறம் என் அடுப்பில் என் கையால் ஒரு சமையல். என் பெண் எங்கள் இரண்டு பேர் காலுக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கையை நீட்டி வாங்கித் தின்றாள்.

சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கொழுந்தன் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "அண்ணி, மூணு மணிக்கு வண்டி. பொட்டியெல்லாம் கட்டியாச்சுன்னாங்க. கெளம்பலாங்களா?" என்றார்.

அண்ணி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கொழுந்தனைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கேட்கத் தெரியாத ஒரு மனுஷி, கண்ணால் கேட்டார்.

நான் பாயசத்தை இறக்கி வைத்தேன். நடுவில் இருந்த அந்த இறக்கத்தில் கையை வைத்துக்கொண்டு கொழுந்தனிடம் சொன்னேன்: "அவங்க வரமாட்டாங்க. அந்தப் பக்கத்து அடுப்பு எனுக்கு எட்டாதுங்க. குனிய முடியாது என்னால. அவங்க போயிட்டா எங்க வூட்ல பாதி அடுப்பு எரியாது."

கொழுந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. தகட்டைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், அண்ணியின் உயரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, வெளியில் போய்த் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அண்ணி திரும்பிக் குழம்பைக் கிளற ஆரம்பித்தார். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. திரும்பாமலே, "எங்கடி வெச்ச உப்ப?" என்றார்.

"உங்க பக்கத்துலதான் அண்ணி கீது" என்றேன்.